பகிடியை நம்பி இரண்டு பேர் பிழைக்கலாமா?

கேள்வி களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டது. அவருடைய தம்பியும் தம்பியின் கூட்டாளியும் இரண்டு வருடமாகப் பகிடி வீடியோ போடுகிறார்கள். ஒன்று நன்றாக ஓடிவிட்டது. சந்தைக்குப் போனால் ஆட்கள் அடையாளம் கண்டு கதைக்கிறார்கள். இப்போது தம்பி பார்க்கிற வேலையை விடப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். அமெரிக்காவில் ஸ்மோஷ் என்று இரண்டு பொடியன்கள் இப்படித்தான் தொடங்கி எங்கேயோ போய்விட்டார்கள் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். அம்மா அழுகிறா. இது எத்தனை வருடம் ஓடும், நம்பி இறங்கலாமா?

வேலையை இப்போதைக்கு விட வேண்டாம் என்று சொல்லுங்கள். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தை வாசிக்கலாம். நான் மட்டக்களப்பில் கலியாண வீடியோ எடிட்டிங் செய்து பிழைப்பவன். கல்லாறு தொடக்கம் வாழைச்சேனை வரை இப்படியான நான்கு சோடிகளுக்கு எடிட்டிங் செய்து கொடுத்திருக்கிறேன். ஒரு காலத்தில் நானே ஒரு சோடியில் பாதியாக இருந்தவன். அந்தக் கதை கடைசியில் வரும்.

முதலில் ஸ்மோஷ். தம்பி சொன்னது பொய் இல்லை, ஆனால் கதையின் முதல் பாதி மட்டும். இயன் ஹெகொக்ஸ், அந்தனி படில்லா இருவரும் 1987இல் பிறந்தவர்கள். கலிபோர்னியாவில் சக்ரமெண்டோ பக்கத்துப் பிள்ளைகள். ஆறாம் வகுப்பில் இருந்து சிநேகிதர். 2002இல் அந்தனி ஸ்மோஷ் என்ற பெயரில் ஒரு இணையத்தளம் தொடங்கினார். 2005 நவம்பரில், யூடியூப் தொடங்கிய அதே வருடம், அங்கேயும் வீடியோ போடத் தொடங்கினார்கள். போக்கிமொன் கார்ட்டூனின் தலைப்புப் பாட்டுக்கு இருவரும் வாயசைத்து ஆடிய வீடியோ 2 கோடியே 40 லட்சம் தடவைக்கு மேல் பார்க்கப்பட்டது. ஒரு கட்டத்தில் யூடியூபிலேயே அதிகம் பார்க்கப்பட்ட வீடியோ அதுதான். பதினெட்டு வயதுப் பொடியன்கள், வீட்டு அறை, மலிவுக் கமரா. 2006, 2007, 2013 என்று மூன்று தடவை உலகிலேயே அதிக சந்தாதாரர் உள்ள சேனல் என்ற இடத்தைப் பிடித்தார்கள். இதுவரைக்கும் தம்பியின் கதை.

மறுபாதியைக் கேளுங்கள். அந்தப் போக்கிமொன் வீடியோ 2007இல் பதிப்புரிமைக் கோரிக்கையால் நீக்கப்பட்டது. பாட்டு அவர்களுடையது இல்லையே. 2011இல் இருவரும் சேனலை அலோய் டிஜிட்டல் என்ற நிறுவனத்துக்கு விற்றார்கள். இருபத்துநான்கை எட்டாத வயது. கைக்கு வந்தது காசு இல்லை, பங்கு. கம்பனி பெருத்தால் பங்கும் பெருக்கும் என்ற கணக்கு. அலோய் வேறொரு நிறுவனத்தோடு சேர்ந்து 2013இல் டிஃபை மீடியா ஆனது. சேனல் வளர்ந்தது, ஆட்கள் கூடினார்கள், 2015இல் ஒரு திரைப்படம்கூட வந்தது. ஆனால் என்ன எடுப்பது, எப்படி எடுப்பது என்பதை வேறு ஆட்கள் தீர்மானித்தார்கள். 2017 ஜூனில் அந்தனி விலகினார். படைப்புச் சுதந்திரம் இல்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம். இயன் மட்டும் தனியே நின்றார். 2018 நவம்பரில் டிஃபை மீடியா ஒரேயடியாகக் கதவைச் சாத்தியது. பங்கு காகிதமானது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கம்பனி விழுந்தபோது ஸ்மோஷைப் பார்க்க ஆள் இல்லாமல் போகவில்லை. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். 2019 பெப்ரவரியில் இன்னொரு யூடியூப் சோடியான ரெட், லிங்க் நடத்துகிற மித்திக்கல் நிறுவனம் ஸ்மோஷை வாங்கிக் காப்பாற்றியது. இடையில் இயனும் அந்தனியும் பேச்சுவார்த்தை குறைந்து தூரமாகிவிட்டார்கள். பிறகு திரும்பவும் ஒட்டினார்கள். 2023 ஜூனில் இருவரும் சேர்ந்து, சிறு பங்கை மட்டும் மித்திக்கலிடம் விட்டுவிட்டு, தங்கள் சேனலைத் தாங்களே காசு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். பதின்ம வயதில் அறைக்குள் இருந்து உருவாக்கிய பெயரை முப்பத்தைந்தாவது வயதில் விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். எத்தனை வருடம் ஓடும் என்று கேட்டீர்கள் இல்லையா? பதினெட்டு வருடம் ஓடியது. அதில் பன்னிரண்டு வருடம் அவர்களுடையதாக இல்லாமல் ஓடியது.

எங்கள் ஊரில் கூட்டாளி என்றால் சிநேகிதன். தமிழ்நாட்டில் அதே சொல்லுக்குத் தொழிலில் பங்காளி என்றும் பொருள். இந்தத் தொழிலில் இரண்டு அர்த்தமும் ஒரே ஆளுக்குள் இருக்க வேண்டியிருக்கிறது. நான் பார்த்த சோடிகள் எல்லாம் அந்த இடத்தில்தான் தடுக்கி விழுந்தார்கள். பார்வை குறைந்து மூடின சோடியை நான் காணவில்லை.

ரெட், லிங்க் கதை தம்பிக்கு இன்னும் பொருத்தமானது என்று நினைக்கிறேன். வட கரோலினாவில் ஒரு சின்ன ஊர். 1984இல் முதலாம் வகுப்பில், மேசையில் கெட்ட வார்த்தை எழுதியதற்காக ஆசிரியர் இருவரையும் இடைவேளைக்கு விடாமல் மறித்து, புராண விலங்குகளின் படத்துக்கு நிறம் தீட்ட வைத்தார். சிநேகிதம் அங்கே தொடங்கியது. நிறுவனத்துக்குப் பெயரும் அங்கிருந்து வந்தது. இருவரும் பொறியியல் படித்து அந்த வேலையும் பார்த்தவர்கள். பகிடிப் பாட்டும் குறுநாடகமும் செய்துகொண்டிருந்த காலத்தில், சின்னச் சின்ன ஊர்க் கடைகளுக்கு வேண்டுமென்றே அசட்டுத்தனமான விளம்பரம் செய்து பெயர் வாங்கினார்கள். தளபாடக் கடை, பழைய கார் விற்கிறவர், அந்த மாதிரி. 2012 ஜனவரியில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசுகிற தினசரி நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். இன்றைக்கும் அதுதான் அவர்களுடைய சோறு.

குறுநாடகத்தை விட்டுவிட்டு ஏன் பேச உட்கார்ந்தார்கள்? எடிட்டிங் செய்கிறவனைக் கேளுங்கள், சொல்வேன். மூன்று நிமிடப் பகிடி ஒன்றுக்கு எழுத இரண்டு நாள், எடுக்க ஒரு நாள், வெட்டி ஒட்ட இரண்டு நாள். பார்க்கிறவர் மூன்று நிமிடத்தில் தின்றுவிட்டு அடுத்தது எங்கே என்கிறார். பேச்சு நிகழ்ச்சி அப்படி இல்லை. இருவரின் சிநேகிதமே சரக்கு, எழுத வேண்டியது குறைவு. ஸ்மோஷும் இப்போது அந்தப் பக்கம் நிறையச் சாய்ந்துவிட்டது. குறுநாடகம் உங்களை ஊருக்கு அறிமுகப்படுத்தும், ஆனால் அதை மட்டும் வைத்து வருடக்கணக்கில் வாரம் ஒன்று தர எந்தச் சோடியாலும் முடியாது. தம்பியும் கூட்டாளியும் கமரா முன்னால் சும்மா இருந்து ஒரு மணி நேரம் கதைத்தால் ஆட்கள் பார்ப்பார்களா? இதைப் பரீட்சித்துப் பார்க்க வேலையை விடத் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

கடல் கடந்து இவ்வளவு தூரம் போகாமல் சென்னையையே பார்க்கலாம். கோபியும் சுதாகரும் மெட்ராஸ் சென்ட்ரல் என்ற சேனலில் ‘பரிதாபங்கள்’ தொடரால் பிரபலமானவர்கள். பிறகு அங்கிருந்து விலகிச் சொந்தச் சேனல் தொடங்கியபோது அதற்குப் பரிதாபங்கள் என்றே பெயர் வைத்தார்கள். பார்க்கிறவர்களும் பின்னால் போனார்கள். இரண்டே பேர், தலையில் ஒரு துண்டைப் போட்டால் அம்மா, எடுத்தால் மகன் என்று பத்துப் பாத்திரம் செய்கிற அந்த முறையைத்தான் இன்று இலங்கையிலும் பாதிப் பேர் பின்பற்றுகிறார்கள். தம்பியும் அதையே செய்கிறார் என்று ஊகிக்கிறேன்.

ஆனால் அந்த முறை சென்னையில் பிறந்தது என்று நினைத்துவிட வேண்டாம். இலங்கை வானொலியில் ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்று ஒரு தொடர் போனது, எங்கள் அப்பாமாருக்கு அது மனப்பாடம். ராம்தாஸ் மரிக்காராக முஸ்லிம் தமிழில் கதைப்பார், ராஜகோபால் அப்புக்குட்டியாக யாழ்ப்பாணத் தமிழில், செல்வசேகரன் உபாலியாகச் சிங்களம் கலந்த தமிழில். 1976இல் ‘கோமாளிகள்’ என்று அது படமாகவும் வந்தது. சிரிப்பின் பாதி, ஒவ்வொருவரும் வெவ்வேறு தமிழ் கதைத்ததில் இருந்தது. மட்டக்களப்புத் தமிழ் அதில் நாயகனாக வரவில்லை என்பது எனக்குச் சின்ன வயதில் இருந்தே ஒரு குறை. இவ்வளவுக்கும், விடிய விடியக் கூத்து ஆடுகிற ஊர் நம்முடையது. வடமோடி, தென்மோடி என்ற கூத்து வகை இரண்டிலும் சபையோரைச் சிரிக்க வைக்கவென்றே ஆள் வருவார். மகிடிக்கூத்து முழுக்கப் பகிடிதான். பேராசிரியர் மௌனகுரு போன்றவர்கள் கூத்தை எழுதிப் பதிவு செய்தும், கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் பாடமாகப் படித்தும், ‘மறுகா’ என்ற ஒரு சொல்லுக்கு எங்கள் ஆட்கள் வெட்கப்பட்டே வந்தார்கள். தொலைபேசியில் கொழும்பு ஆளோடு கதைக்கும்போது அதை விழுங்கிவிட்டு ‘பிறகு’ என்பார்கள். அந்தச் சொல்லைக் கமரா முன்னால் கூசாமல் சொன்னதே இப்போது வீடியோ போடுகிற எங்கள் ஊர்ப் பொடியன்கள் செய்த பெரிய காரியம்.

சரி, வேலை எப்படி நடக்கிறது என்று ஒன்றைக் கிட்ட வைத்துக் காட்டுகிறேன். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடு பெண்ணின் சீதனம். இதை வைத்து நான் எடிட்டிங் செய்த ஒரு துண்டு. புது மாப்பிள்ளை கதிரையில் இருக்கப் போகிறார். மாமி, அதாவது என் அம்மாவின் நூல் சேலையைச் சுற்றிய மீசைக்காரர், உள்ளே இருந்து வருகிறார்.

“மனே, அது எங்கட அப்பாட கதிரை. அதில இருக்கப்படா.”

மாப்பிள்ளை பாயில் இருக்கிறார்.

“அந்தப் பாய் எங்கட பெத்தாட பாய்.”

மாப்பிள்ளை எழும்பி நிற்கிறார். மாமி அவருடைய காலைப் பார்க்கிறார். மாப்பிள்ளையும் குனிந்து தன் காலைப் பார்க்கிறார்.

“நிலமும் எங்கடதான்.”

“அப்ப நான் எங்க மாமி போற?”

“எங்கயும் போகப்படா. மறுகா ஊர் என்ன சொல்லும்?”

இவ்வளவுதான். எழுத்தில் பார்த்தால் ஐந்து வரி. சிரிப்பு எந்த வரியிலும் இல்லை. மாப்பிள்ளை தன் காலைப் பார்க்கிற அந்த இடத்தில் இருக்கிறது. முதலில் அதை நான் இரண்டு வினாடி விட்டேன், யாரும் சிரிக்கவில்லை. அரை வினாடியாக வெட்டினேன், என்ன நடந்தது என்றே பிடிபடவில்லை. வினாடிக்கு 25 படச்சட்டம். 30 சட்டம் விட்டபோது பக்கத்தில் நின்று பார்த்த என் தங்கை வாய்விட்டுச் சிரித்தாள். அன்றைக்கு ஒரு இரவு முழுக்க அந்த ஐந்தாறு சட்டத்துக்காகப் போனது. நகைச்சுவையில் திறமை என்று சொல்வது பெரும்பாலும் இதுதான். தம்பியின் சோடியில் இந்த வேலையைச் செய்கிறவர் யார் என்று கேளுங்கள். அவர்தான் அந்தச் சேனலின் அரைவாசி, முகம் தெரியாவிட்டாலும்.

இன்னொரு தொந்தரவு. இரண்டே பேர் நான்கு பாத்திரம் செய்யும்போது, மாமி கதைக்கிற வரிகளை எல்லாம் ஒரே மூச்சில் எடுத்துவிட்டு, உடுப்பு மாற்றி, அதே ஆள் மாமாவாக வந்து மிச்ச வரிகளைச் சொல்ல வேண்டும். எதிரில் ஆள் இருக்காது. பார்வை மேலும் கீழும் ஓடும். நாங்கள் ஒரு மண்வெட்டிப் பிடியில் துவாயைக் கட்டி எதிராளியின் கண் உயரத்துக்கு நட்டு வைப்போம். அப்புறம் வெயில். மாமியை ஒன்பது மணிக்கு எடுத்து மாமாவைப் பதினொன்றரைக்கு எடுத்தால் முற்றத்தில் மரநிழல் இடம் மாறியிருக்கும். கணவனும் மனைவியும் வேறு வேறு வீட்டில் நின்று சண்டை போடுகிற மாதிரி இருக்கும். கல்லடிக் கடற்கரையில் எடுக்கவே எடுக்காதீர்கள். படம் வடிவாக வரும், காற்று ஒரு சொல்லையும் கேட்க விடாது.

இனிக் காசு. யூடியூபில் விளம்பர வருமானம் கிடைக்க 1,000 சந்தாதாரர் வேண்டும்; அதோடு கடைசி 12 மாதத்தில் 4,000 மணித்தியாலம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது 90 நாளில் ஷோர்ட்ஸ் என்ற குட்டி வீடியோக்கள் 1 கோடி தடவை ஓடியிருக்க வேண்டும். 4,000 மணித்தியாலம் என்பது 2,40,000 நிமிடம். மூன்று நிமிட வீடியோவை ஒருவர் சராசரியாக இரண்டு நிமிடம் பார்த்தால் ஒரு வருடத்தில் 1,20,000 பார்வை. இது கடக்க முடியாத எல்லை இல்லை. நீண்ட வீடியோவில் வரும் விளம்பரப் பணத்தில் 55 சதவீதம் உங்களுக்கு, ஷோர்ட்ஸில் உங்கள் பங்குக்கு ஒதுக்கப்படுவதில் 45 சதவீதம். கணக்கில் 100 டொலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு வரும். அதற்கு முன்னால் 10 டொலர் சேர்ந்ததும் வீட்டு முகவரியைச் சரிபார்க்க ஒரு இரகசிய எண்ணைக் கடிதத்தில் அனுப்புவார்கள். நான்கு மாதத்துக்குள் அந்த எண்ணைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். ‘பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால்’ என்று முகவரி உள்ள எங்கள் ஆட்கள் இரண்டு தடவை, மூன்று தடவை கடிதம் கேட்டு அலைந்ததுண்டு. ஒரு சோடி கடைசியில் தபால்காரரையே வீடியோவில் நடிக்க வைத்தது. அவருக்குத்தான் அதிகம் கைதட்டு.

இலங்கையில் இருந்து பார்க்கிற ஆயிரம் பேருக்குக் கிடைப்பதை விட, கனடாவிலோ லண்டனிலோ சுவிஸிலோ இருந்து பார்க்கிற ஆயிரம் பேருக்குப் பல மடங்கு கிடைக்கும். விளம்பரக்காரர்கள் அங்கே கூடிய விலை கொடுக்கிறார்கள், அதுதான் காரணம். ஆகவே பலருக்கு ஒரு ஆசை வரும்: யாழ்ப்பாணத்தார் வெளிநாட்டில் அதிகம், அவர்களுக்குப் பிடிக்கிற தமிழில் எடுப்போம் என்று. எடுத்துப் பார்த்தவர்களைத் தெரியும். நாக்கு ஒத்துழைக்கவில்லை.

வருமானம் டொலரில் வருவது எப்படிப்பட்ட சங்கதி என்று 2022இல் பார்த்தோம். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. அதே பார்வை, அதே சதம், கையில் முக்கால் பங்கு கூடுதல். ஆனால் மின்சாரம் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் போனது. கணினியைத் திறக்க இரவு இரண்டு மணிக்கு அலாரம் வைத்தோம். இப்போது வரியும் வந்துவிட்டது. 2025 ஏப்ரல் முதல் வெளிநாட்டுக்குச் சேவை செய்து வெளிநாட்டு நாணயமாகக் கொண்டுவரும் வருமானத்துக்கும் வரி உண்டு, உச்சம் 15 சதவீதம். வருடத்துக்கு 18 லட்சம் வரை தனிநபர் விலக்கு இருப்பதால் தம்பிக்கு இன்றைக்கு அது தலையிடி இல்லை. கணக்கு எழுதி வைக்கும் பழக்கம் மட்டும் இப்போதே வரட்டும்.

உண்மையில் வீட்டுக்கு அரிசி வாங்குவது யூடியூப் காசு இல்லை. புடைவைக் கடை, நகைக் கடை, கைத்தொலைபேசிக் கடை, கலியாண மண்டபம், டியூஷன் வகுப்பு. கல்முனையில் ஒரு கடைத் திறப்புக்கு இருவரும் போய் நின்று ஒரு நிமிட வீடியோ எடுத்துக் கொடுத்தால் வருவது, சில மாதங்களில் யூடியூப் தந்ததை விட அதிகம். ரெட், லிங்க் செய்ததும் இதைத்தானே. இதில் ஒரு சூட்சுமம்: கடைக்காரர் தன் கடையைப் புகழச் சொல்வார். புகழ்ந்தால் ஒருத்தரும் பார்க்கமாட்டார்கள். முதலாளியைக் கொஞ்சம் கிண்டல் செய்ய விட்டால் ஊரே பார்க்கும். அதற்குச் சம்மதிக்கிற முதலாளி பத்துக்கு ஒருவர். அவரைப் பிடித்துவிட்டால் மிச்சப் பேர் அடுத்த மாதம் தாங்களாகவே வருவார்கள், ‘எங்களையும் அப்படிக் கிழியுங்க தம்பி’ என்று. இந்த வருமானத்துக்கு வேலையை விடத் தேவையில்லை. சனி, ஞாயிறு போதும். மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகை தொடர்ந்து ஒரு வருடம், வைகாசிச் சடங்குக் காலம் மழைக்காலம் என்று பாராமல் வந்தால், அப்போது வேலையை விடுவது பற்றிக் கதைக்கலாம்.

ஆபத்துகளில் ஒன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். 2023இல் கொழும்பில் ஒரு மேடை நகைச்சுவைக் கலைஞர், பெண், பௌத்தத்தை அவமதித்தார் என்று கைதாகி ஒரு மாதத்துக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். அந்தக் காணொளியை வெளியிட்ட யூடியூப்காரரையும் பிடித்தார்கள். இதற்குப் பயன்பட்டது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் சட்டம், பேச்சுரிமை உட்பட்ட உரிமைகளுக்காக வந்த சட்டம் என்பதுதான் வேடிக்கை. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துவிட்டது. மட்டக்களப்பு, அம்பாறை என்ற எங்கள் இரண்டு மாவட்டத்திலும் ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு தடவை ஊர் மாறும், மதம் மாறும், தமிழ் மாறும். ஆரையம்பதி, காத்தான்குடி, காரைதீவு, சாய்ந்தமருது, நடுவில் வேலி இல்லை. மரிக்கார் காலத்தில் தமிழர் ஒருவர் முஸ்லிம் தமிழ் கதைத்தால் இரண்டு பக்கமும் சிரித்தது. 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு இந்த ஊரில் அந்தச் சிரிப்பு நீண்ட நாள் வரவில்லை. இப்போது மெல்ல வருகிறது. என் யோசனை: அடுத்த ஊரின் பேச்சைச் செய்ய வேண்டுமென்றால் அந்த ஊர் ஆளையே கூப்பிட்டு நடிக்க வையுங்கள். ஓட்டமாவடியில் ஒரு காக்கா, அதாவது ஒரு முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு வந்து செய்தார். நாங்கள் எழுதியதை அரைவாசி மாற்றிவிட்டார். நாங்கள் எழுதியதை விட அது நன்றாக இருந்தது.

இப்போது கடைசிக் கதை. நானும் கூட்டாளியும் 2014இல் தொடங்கினோம். அவர் எழுதுவார், நான் எடிட்டிங், நடிப்பு இருவரும். சேனலை அவருடைய மின்னஞ்சலில் திறந்தோம், அவருடைய கைத்தொலைபேசி எண்ணைக் கொடுத்தோம். அன்றைக்கு என் போனில் சார்ஜ் இல்லை. வேறு ஒரு காரணமும் இல்லை. நான்கு வருடத்தில் 11 ஆயிரம் சந்தாதாரர், எங்களுக்கு அது திருவிழா. ஒரு புடைவைக் கடை 15 ஆயிரம் ரூபாய் கொடுத்தது. சரிபாதி என்றார் அவர். இரண்டு இரவு விழித்தது நான், மூன்றில் இரண்டு என்றேன். சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் நல்லது. இருவரும் ‘பரவாயில்லடா’ என்று சொல்லிவிட்டு அடுத்த வாரம் படப்பிடிப்புக்குப் போகவில்லை. பிறகு அவர் கட்டாருக்குப் போனார். இங்கத்தைய சிம் காசு போடாமல் செத்துப்போனது. ஒரு நாள் கடவுச்சொல் கேட்டது, குறியீட்டு எண் செத்த சிம்முக்குப் போனது. சேனல் இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது. அவராலும் திறக்க முடியாது, என்னாலும் திறக்க முடியாது. பேய் வீடு மாதிரி. மாமி பகிடியும் அதற்குள்தான்.

ஆகவே தம்பியிடம் இன்றைக்கு இரவே இதைக் கேளுங்கள்: சேனல் யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது? யூடியூபில் ஒரே சேனலுக்கு இரண்டு உரிமையாளர்களைச் சேர்க்க வழி இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. விளம்பரப் பணம் மட்டும் ஒரே ஒரு பெயருக்குத்தான் வரும். அந்தப் பெயர் யாருடையது, மற்றவருக்கு எந்தத் திகதியில் எவ்வளவு போகும், எழுதுகிறவருக்கும் எடிட்டிங் செய்கிறவருக்கும் தனிப் பங்கு உண்டா, ஒருவர் வெளிநாடு போனால் பெயர் யாரிடம் நிற்கும், மற்றவர் வேறொரு ஆளைச் சேர்த்து அதே பெயரில் தொடரலாமா. இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். சிநேகிதத்துக்குள் தாள் எதற்கு என்பார்கள். நம்முடைய 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, மூலதனம் 1,000 ரூபாயைத் தாண்டினால் பங்குடைமை எழுத்தில் இருந்தால்தான் செல்லும். இவர்களுடைய கமரா மட்டுமே அதைப் போல நூறு மடங்கு இருக்குமே! வியாபாரப் பெயரைப் பதிவுசெய்ய உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். பெயர் உண்மையிலேயே பெரிதானால் கொழும்பில் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியாகப் பதியலாம். யாராவது நிறுவனம் வந்து சேனலை வாங்குகிறேன், பங்கு தருகிறேன் என்றால் மேலே ஸ்மோஷ் பந்தியை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லுங்கள்.

அந்தத் தாளில் ஆறாவதாக, உடுப்பு யார் வீட்டில் இருக்கும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். என் கூட்டாளி கட்டாரில் இருந்து வருடப்பிறப்புக்கு மாமியின் குரலில் எனக்கு வாழ்த்து அனுப்புவார், நானும் மாப்பிள்ளையாகப் பதில் அனுப்புவேன். ஆனால் அந்த நூல் சேலை இன்னும் அவருடைய வீட்டு அலுமாரிக்குள்தான். அம்மா இப்போதும் கேட்கிறா.